பாட்டில்லாப் படம் தந்த வீணை வித்தகர்

ஒரு கலைஞர் மறைந்த பின்னர் அவருடைய பல முகங்களுள் ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு ஏனையவற்றை மறந்துவிடுதல் உலகத்தின் வழக்கம். ஒருவருக்கு ஒரு பட்டம் போதும் என்று அஃது எண்ணுகின்றது போலும். எஸ். பாலச்சந்தர் என்று சொன்ன மாத்திரத்தே வீணையும் கையுமாக வீற்றிருக்கும் ஓர் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. அவ்வாத்தியத்தின் பெயர் அவர் பெயருக்கு முன்னே பிரிக்கவொண்ணா அடைமொழியாய் ஒட்டிக்கொண்டது. ஆயின், பாட்டு ஒன்றேனும் இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படத்தை ஆக்கியவரும் அவரே என்பதையும், அப்படம் ஒரு கொலையைப் பொருளாகக் கொண்ட துப்பறியும் நாடகம் என்பதையும் இன்று எத்துணைப் பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்? 1954ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்' என்னும் அப்படத்தின் பெயரைக் கேட்டிருப்போர் உளர். முதலிலிருந்து முடிவுவரை அமர்ந்து பார்த்தோர் சிலரே.

இசையிலே மூழ்கித் திளைத்த ஒருவர் பாட்டை விலக்கிப் படமெடுத்தது முரண் அன்றோ என்று வினவுவாரும் உண்டு. முரண் அன்று. பாட்டின் அருமையை நன்கு அறிந்தவர் ஆதலினாலேயே அதனை வேண்டாத இடத்தில் வைத்து மலிவுபடுத்த அவர் உள்ளம் இசையவில்லை என்பது என் துணிபு. அவருடைய வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்கினால் இது புலனாகும்.

இளமையும் இசையும்

சுந்தரம் பாலச்சந்தர் 1927ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18ஆந் திகதி சென்னையிலே பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். தொழில் சட்டமாயினும் அவர் உள்ளம் பற்றியது இசையையே. பாபநாசம் சிவன் போன்ற பெரியோருடன் நெருங்கிய தொடர்புடைய இல்லம் அது. அவ்வில்லத்துப் பிள்ளைகளுக்கு இசை என்பது பிறர் சொல்லிக் கற்கும் பாடமாக இருக்கவில்லை. காற்றோடு கலந்து வரும் பொருளாகவே இருந்தது. மூத்தவராகிய எஸ். ராஜம் பிற்காலத்தில் இசைவாணராகவும் ஓவியராகவும் பெரும் புகழ் எய்தினார். சகோதரி ஜெயலட்சுமியும் இசையிலும் நடிப்பிலும் பெயர் பெற்றார்.

பேசும்படம் தமிழகத்திற் காலூன்றத் தொடங்கிய நாட்கள் அவை. மராட்டிய நாட்டுப் பிரபாத் நிறுவனத்தார் 1934ஆம் ஆண்டளவிற் 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தை வெளியிட்டனர். அதிலே ராஜம் இராமனாகவும், ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தையார் சுந்தரம் ஐயரே சனகனாகவும் நடித்தனர். அண்ணனும் தங்கையும் இராமனும் சீதையுமாகத் தோன்றலாமா என்னும் முணுமுணுப்பு அக்காலத்துக்கு இயல்பானதே. பாபநாசம் சிவன் திரைக்கு இசையமைத்த முதற்படம் என்னும் சிறப்பும் அதற்கு உண்டு. இராவணன் அவையிலே கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக அப்படத்தில் வந்தவரே பாலச்சந்தர். வயது ஏழும் நிரம்பாத பருவத்தில் அவர் திரையில் முதன்முதல் தோன்றிய கோலம் ஒரு வாத்தியக்காரக் கோலமே என்பது கருதத்தக்கது.

கஞ்சிராவுடன் அவர் அமைந்துவிடவில்லை. தபேலா, ஆர்மோனியம், தில்ரூபா, சித்தார் எனக் கைக்கு அகப்பட்ட வாத்தியங்களை எல்லாம் தாமே பழகித் தேர்ந்தார். சதுரங்க ஆட்டத்திலும் சிறு வயதிலேயே வல்லவராய் விளங்கினார். சதுரங்கப் பயிற்சியை ஈண்டு வீணே குறிப்பிட்டேன் அல்லேன். எதிரி அடுத்துச் செய்யப்போவது யாது, அதற்கடுத்தது யாது என்று பல படி முன்னோக்கி எண்ணும் பழக்கம், மர்மக் கதையைக் கட்டுவோர்க்கு மிக வேண்டிய பழக்கம் அன்றோ?

வானொலியும் வெண்திரையும்

இளமைப் பருவத்திற் சென்னை வானொலி நிலையத்தில் வாத்தியக் கலைஞராகச் சில காலம் பணியாற்றினார். அங்கே பல வாத்தியங்களை வாசித்து வந்தவரின் உள்ளம் ஈற்றில் வீணையில் நிலைகொண்டது. கருநாடக இசைக்கு உயிரான கமகத்தை முழுமையாகத் தரவல்லது வீணையே என்று கண்டு, ஏனையவற்றைப் படிப்படியாகக் கைவிட்டார். இதில் வியப்பு யாதெனின், அவருக்கு வீணையில் ஆசிரியர் ஒருவரும் இலர். குருமுகமாகக் கற்பதே கல்வி எனக் கொள்ளும் மரபிலே வந்த என்போன்றோர்க்கு இச்செய்தி சற்றுத் திகைப்பைத் தருவதே. ஆயினும் துரோணரின் உருவத்தை முன்வைத்து வில்வித்தை பயின்ற ஏகலைவனையும் நம் மரபுதான் போற்றி வைத்திருக்கின்றது. பாலச்சந்தருக்கு அத்தகைய உருவந்தானும் தேவைப்படவில்லை.

வீணையிற் பயின்றுகொண்டிருந்த அதே காலத்திலே வெண்திரையும் அவரை அழைத்தது. 1948இல் வெளிவந்த 'இது நிஜமா' என்னும் படத்தில் இரட்டை வேடம் பூண்டு நடித்ததோடு இசையும் அமைத்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' என்னும் படத்தைத் தாமே நெறியாண்டு, நடித்து, இசையமைத்தும் தந்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. 1951இல் 'கைதி' என்னும் படத்தை நெறியாண்டார். அதே ஆண்டில் வந்த 'இராஜாம்பாள்' என்னும் படத்தில் தீயோனாக நடித்தார். அழகும் மிடுக்கும் உடைய இளைஞர் ஒருவர் நல்லவனாகவே தோன்றிப் புகழ் தேடுதல் எளிது. அவரோ குற்றமும் மர்மமும் இருளும் கலந்த கதைகளையே விரும்பி நாடினார். மேனாட்டுத் துப்பறியும் படங்களின் ஒளியமைப்பும் கதைப்போக்கும் அவர் உள்ளத்தை ஆழமாகக் கவர்ந்திருந்தன.

அக்காலத் தமிழ்ப் படங்களின் இயல்பையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் முதலாகத் தமிழ்ப் பேசும்படம் பாடும்படமாகவே வளர்ந்தது. தொடக்ககாலப் படங்களில் ஐம்பது, அறுபது பாடல்கள் இருத்தல் வியப்பன்று. பாடத் தெரிந்தவரே நடிகர்; பாடல்களின் சிறப்பே படத்தின் சிறப்பு. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், தியாகராஜ பாகவதரின் குரலுக்கு அதிற் பெரும் பங்கு உண்டு. நமது கூத்து மரபும் இசை நாடக மரபும் பாட்டின்மேல் எழுந்தவை ஆதலின் இது குறை என்று சொல்லற்கில்லை. ஆயினும், கொலைகாரனைத் துரத்திச் செல்லும் காவலனும் நின்று பாடிவிட்டுத்தான் ஓடவேண்டும் என்ற நிலை வந்தபொழுது, மரபு என்பது வெறும் வழக்கமாய்த் தேய்ந்துவிட்டது எனலாம்.

'அந்த நாள்' பிறந்த கதை

1952ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாக அனைத்துலகத் திரைப்பட விழா நடைபெற்றது. சென்னையிலும் அவ்விழாப் படங்கள் காட்டப்பெற்றன. அங்கே யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமொன்' என்னும் படத்தைப் பாலச்சந்தர் கண்டார். ஒரு காட்டிலே நிகழ்ந்த கொலையைப் பற்றி நால்வர் நால்வகையாகக் கூறும் கதை அது. எவர் சொல்வது மெய் என்பது ஈற்றிலும் துணியப்படாமலே நிற்கும். ஒரே நிகழ்ச்சியைப் பலர் வாயிலாகச் சொல்லும் அம்முறை இளைஞரின் உள்ளத்திற் பதிந்தது. அம்முறையைத் தழுவித் தமிழில் ஒரு நாடகம் எழுதி வானொலி நிலையத்துக்கு அளித்தார். அஃது ஏற்கப்படவில்லை. பின்னர் அக்கதையை ஏ. வி. எம். நிறுவன அதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் எடுத்துரைத்தார். செட்டியார் அதனை ஏற்றுப் படமாக்க இசைந்தார்.

செட்டியாரின் துணிவை நாம் மறத்தல் ஆகாது. பாட்டில்லை, நடனமில்லை, சண்டைக் காட்சியில்லை என்று சொல்லிவரும் இளைஞர் ஒருவரை நம்பிப் பொருளை முதலிடுதல் வணிகர் எவர்க்கும் எளிதன்று. வெற்றிப் படங்கள் பலவற்றைத் தந்த அனுபவசாலியாகிய அவர், தம் அனுபவத்துக்கு மாறாக ஒருமுறை நடக்கத் துணிந்தார்.

திரைக்கதையையும் உரையாடலையும் ஜாவர் சீதாராமன் எழுதினார்; துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக அவரே தோன்றினார். ஒளிப்பதிவைச் செய்தவர் மாருதிராவ். கொலையுண்ட இராஜனாக முதலில் வேறொருவரை வைத்துப் படப்பிடிப்புத் தொடங்கினர். அது நிறைவளிக்காமையாற் கைவிட்டு, பின்னரே சிவாஜி கணேசனை அழைத்தனர். 'பராசக்தி' வாயிலாக 1952இல் தமிழுலகெங்கும் புகழ் பரவப்பெற்ற அவர், நாட்டுக்கு இரண்டகம் செய்யும் ஒருவனாக நடிக்கத் தயங்கவில்லை. அவர் மனைவி உஷாவாக வந்தவர் பண்டரிபாய். படத்திற் பாட்டில்லை எனினும் பின்னணி இசை உண்டு, அதனை ஏ. வி. எம். நிறுவனத்தைச் சார்ந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவினர் வழங்கினர்.

கதை நிகழும் காலம் 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். அம்மாதம் 11ஆந் திகதி யப்பானியர் சென்னை நகர்மீது குண்டு வீசினர். நகரத்து மாந்தர் பலர் அஞ்சி ஊர்விட்டு ஊர் போன காலம் அது. அதற்கு முந்திய ஆண்டு, 1942 ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் இதே யப்பானியர் குண்டு மழை பொழிந்தமை நமது மூத்தோர் வாயிலாக நாம் அறிந்ததே. ஆதலின், அப்படத்தில் விரவி நிற்கும் அச்சம் ஈழத்தவராகிய நமக்கு அந்நியம் அன்று.

படம் தொடங்கியவுடனே துப்பாக்கி வெடிக்கின்றது, இராஜன் வீழ்கின்றான். நாயகன் முதற்காட்சியிலேயே இறந்துபட, அவன் யார் என்பதை எஞ்சியோர் வாய்மொழியாலேயே நாம் அறியவேண்டியவர்களாகின்றோம். இராஜன் வானொலிப் பொறியியலாளன், அறிவிற் சிறந்தவன். அவனைக் கொன்றவர் யார்? எதிர்வீட்டுச் சின்னையா பிள்ளையா, தம்பி பட்டாபியா, தம்பி மனைவி ஹேமாவா, அவன் இரகசியமாகத் தொடர்பு கொண்டிருந்த நடனமாது அம்புஜமா, அன்றி மனைவி உஷாவேயா? விசாரணை அவ்வீட்டுக்குள்ளேயே நிகழ்கின்றது. ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைக் கூறி வேறொருவர்மேல் விரலைச் சுட்டுகின்றனர். சுட்டிய விரல் வட்டமாய்ச் சுற்றி வருகின்றது.

கூற்று முறை

இம்முறை யப்பானியரிடமிருந்து வந்த புதுச்சரக்கு என்று கருதுவோர் உளர். அகப்பொருள் இலக்கியத்திற் பயிற்சி உடையார் அங்ஙனம் கருதார். சங்க அகப்பாடல்கள் யாவும் கூற்றுக்களே அல்லவா? புலவன் தான் நேரே வந்து கதை சொல்வதில்லை. தலைவி கூறுவாள், தோழி கூறுவாள், செவிலி கூறுவாள், பரத்தை கூறுவாள், வழியிடைக் கண்டோர் கூறுவர். தலைவன் ஒருவனே, ஆயின் தலைவியின் கூற்றிலே தோன்றும் தலைவன் வேறு, பரத்தையின் கூற்றிலே தோன்றுபவன் வேறு. எல்லாக் கூற்றுக்களையும் ஒருங்கே வைத்து நோக்குவோனுக்கே முழு மனிதன் புலப்படுவான்.

'அந்த நாள்' படத்திலும் இதுவே நிகழ்கின்றது. மனைவி கூற்று, தம்பி கூற்று, தம்பி மனைவி கூற்று, காமக்கிழத்தி கூற்று, அயலார் கூற்று என ஐந்து கூற்றுக்கள் வருகின்றன. தம்பி கண்ட இராஜன் சொத்திற் பங்கு கொடாத தமையன். அம்புஜம் கண்டவன் இனிய காதலன். மனைவி கண்டவனோ ஒரு காலத்திலே தன் உள்ளத்தைக் கவர்ந்த இலட்சிய இளைஞன். பின்னர் அவளே அஞ்சும் அந்நியன். இத்தனை இராஜன்களையும் ஒரே நடிகர் ஏற்று நடித்தல் வேண்டும்; அதே சமயம் எல்லாரும் ஒருவனே என்னும் எண்ணமும் பார்ப்போர்க்குக் குலையாதிருத்தல் வேண்டும். சிவாஜி கணேசன் உரத்த குரலில் நீண்ட வசனம் பேசிப் பெற்ற புகழையே பலரும் பேசுவர். குரலை அடக்கிப் பார்வையாலும் புன்னகையாலும் மாறுபாடு காட்டிய இவ்விராஜனை நான் அவற்றுக்கும் மேலாக மதிக்கின்றேன். எங்கள் கல்லூரியில் அகத்திணைக் கூற்று வகைகளைக் கற்பிக்கும்பொழுது மாணவர் முகத்திற் சோர்வு தோன்றுமாயின், இப்படத்தின் கதையைச் சொல்லுவதுண்டு. சூத்திரத்தால் விளங்காதது கதையால் விளங்கிவிடும்.

யப்பானியப் படத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே உண்மை துணியப்படாமலே போகின்றது, இங்கே துணியப்படுகின்றது. உண்மை என்று ஒன்று உண்டு, முயன்றால் அதனைக் காணலாம் என்ற நம்பிக்கையைப் பாலச்சந்தர் கைவிடவில்லை. இதனை ஒரு குறையாகக் கொள்வாரும் உளர். துப்பறியும் நாடகத்துக்கு அஃது இலக்கணமே ஆகும் என்பது என் கருத்து.

கண்ணகியும் உஷாவும்

துணியப்பட்ட அவ்வுண்மைதான் யாது? இராஜன் மலிவான வானொலிப் பெட்டிகளைச் செய்து ஏழை மக்களுக்கும் பயன்படச் செய்தல் வேண்டும் என விரும்பினான். அரசின் உதவியை நாடினான்; உதவி மறுக்கப்பட்டது. திறமை மதிக்கப்படாத மனக்கசப்பு அவனை நஞ்சாக மாற்றியது. நாட்டின் இரகசியங்களைப் பகைவராகிய யப்பானியருக்கு விற்கும் ஒற்றன் ஆனான். உஷாவோ நாட்டுப்பற்று மிக்கவள். கணவனைத் திருத்த முயல்கின்றாள், இயலவில்லை. ஈற்றில் அவனுடைய சாவு அவள் கையிலிருந்த துப்பாக்கியாலேயே நேர்ந்துவிடுகின்றது.

தமிழ்ப் பெண் ஒருத்தியின் கையால் கணவன் உயிர் போவதை 1954ஆம் ஆண்டுத் திரையிலே காட்டுதல் சிறு காரியமா? கொலையுண்ட கணவனுக்காக நீதி கேட்டுப் பாண்டியன் அவைக்குச் சென்றாள் கண்ணகி. அங்கே அரசு தவறிழைத்தது, கணவன் குற்றமற்றவன். உஷாவின் நிலைமை நேர்மாறானது. இங்கே கணவன் குற்றவாளி; அவனால் அழியப்போவது நாடு. கண்ணகியிடம் பத்தினித் தன்மையும் நீதியும் ஒரு பக்கத்திலே நின்றன. உஷாவிடம் அவை இரண்டும் எதிரெதிரே நின்று அவளைப் பிளக்கின்றன. கண்ணகி அழுதாள், வெகுண்டாள், மதுரையை எரித்தாள். ஊர் முழுவதும் அவள் துயரை அறிந்தது. உஷாவோ தன் துயரைச் சொல்லவும் இயலாதவள். விசாரணை நடக்கும் கூடத்திலே விதவையாகவும் குற்றமுடையவளாகவும் வாய்மூடி நிற்கின்றாள். பண்டரிபாயின் முகத்திலே தேங்கி நிற்கும் அந்த மௌனந்தான் படத்தின் உயிர்நாடி.

குறை சொல்லவேண்டுமாயின், ஈற்றுப் பகுதியிலே நாட்டுப்பற்றைப் பற்றிய பேச்சு சற்று நீண்டுவிடுகின்றது. முகம் சொன்னதை வாய் மீண்டும் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் விடுதலை பெற்று ஏழாண்டுகூட நிரம்பாத நாடொன்றின் படம் அது என்பதை எண்ணினால், அக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மௌனத்தின் சுவை

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இசைவாணர் ஏன் பாட்டை நீக்கினார்?

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் மருட்கையும் இக்கதைக்கு உரியவை. இவ்விரண்டும் இடையறவு படாமல் வளர்ந்து செல்லுதல் வேண்டும். நடுவிலே காதற்பாட்டு ஒன்று வருமாயின், அதுகாறும் திரண்டு வந்த அச்சம் சிதறிவிடும். மீண்டும் முதலிலிருந்து திரட்டவேண்டும். பாடல் நல்லதாயின் சிதைவு இன்னும் அதிகம். இசையின் வன்மையை அறியாத ஒருவர் இதனை உணரார். ஓர் இராகம் கேட்போர் உள்ளத்தை எத்துணை விரைவிலே தன்வயமாக்கும் என்பதைத் தம் விரல் நுனியால் அறிந்தவர் பாலச்சந்தர். ஆகவே அவ்வன்மையை வேண்டாத இடத்தில் ஏவாமல் அடக்கிக்கொண்டார்.

பாட்டு நின்ற இடத்தை அவர் வெறுமையாக விடவுமில்லை. காலடி ஓசை, கதவு திறக்கும் ஓசை, துப்பாக்கி ஓசை, ஒரு பேச்சுக்கும் மறுபேச்சுக்கும் இடையிலுள்ள அமைதி ஆகியவையே அங்கே இசையாகின்றன. மாருதிராவின் ஒளிப்பதிவில் முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் நிற்கும். உள்ளத்தில் ஒளிக்கப்பட்ட பாதியை அந்த இருள் உணர்த்தும். வீணை வாசிப்போர் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அதன் கார்வை அடங்கும்வரை காத்திருப்பர். அக்காத்திருப்பும் இசையே. 'அந்த நாள்' படத்தின் நெறியாள்கையிலே அந்தக் கார்வையை நான் காண்கின்றேன்.

1954ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் படம் வெளிவந்தது. பத்திரிகைகள் பாராட்டின. இந்திய அரசின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. மக்களோ ஏமாற்றமடைந்தனர். புத்தாண்டுக் களிப்பிலே பாட்டும் ஆட்டமும் எதிர்பார்த்து வந்தோர்க்கு இருளும் மௌனமும் உவப்பளிக்கவில்லை. படம் பொருளீட்டவில்லை. செட்டியார் துணிந்ததும் பாலச்சந்தர் உழைத்ததும் அவ்வளவில் நின்றன. பாட்டில்லாப் படம் எடுக்கலாகாது என்ற பாடத்தையே பட அதிபர்கள் கற்றுக்கொண்டனர். தமிழ்த் திரை பல்லாண்டுகளுக்கு அப்பாதையை நாடவில்லை.

இழப்பு எவருக்கு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நல்ல நூலுக்கு ஆசிரியன் மாத்திரம் போதான். கற்கும் மாணாக்கனும் வேண்டும் என்று நம் இலக்கண நூலார் மாணாக்கர் இலக்கணத்தையும் வகுத்து வைத்தனர். கலைஞர் இலக்கணம் பேசும் நாம் இரசிகர் இலக்கணத்தைப் பற்றி எப்பொழுதாவது சிந்திக்கின்றோமா?

பிற்காலம்

பாலச்சந்தர் உடனே சோர்ந்துவிடவில்லை. 1958இல் 'அவன் அமரன்' என்னும் படத்தை நெறியாண்டார். பின்னர்ச் சொந்தமாக எஸ். பி. கிரியேஷன்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி 1962இல் 'அவனா இவன்', 1964இல் 'பொம்மை', 1970இல் 'நடு இரவில்' ஆகிய மர்மப் படங்களைத் தந்தார். 'பொம்மை' படத்திலே ஒரு விளையாட்டுப் பொம்மைக்குள் வெடிகுண்டு மறைந்திருக்கும். அது கைமாறிக் கைமாறிச் செல்லும். கே. ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரைக்கு அறிமுகமானதும் அப்படத்தின் பாட்டாலேயே. திரைக்குப் பின்னால் உழைத்த தொழிற்கலைஞரை எல்லாம் படத்தின் முடிவிலே நேரே தோன்றச்செய்து அவர் அறிமுகப்படுத்திய பண்பும் குறிப்பிடத்தக்கது. அகாதா கிறிஸ்டியின் கதையொன்றைத் தழுவிய 'நடு இரவில்' முடிந்தும் சில ஆண்டுகள் வெளிவராமல் கிடந்து பின்னரே திரையை அடைந்தது. இவ்வளவில் அவருக்கும் திரைக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய முடிவுற்றது.

எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் வீணைக்கே அளித்தார். வீணையில் மெட்டுக்கள் 24. ஒரே மெட்டின்மேல் தந்தியை இழுத்துப் பல சுரங்களைப் பிறப்பிக்கும் வன்மை அவருடைய தனிச்சிறப்பு. குரல் வழுக்கிச் செல்லுமாப்போல அவர் தந்தி வழுக்கிச் செல்லும். வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தாக்களுள் 40 விவாதி மேளங்கள். அவற்றைக் கையாளப் பலர் அஞ்சுவர். அவரோ 72 மேள இராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுக்களாக வெளியிட்டார். அந்நிய நாடுகள் பலவற்றிலும் வீணையின் நாதத்தைப் பரப்பினார். 1982இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது.

அவர் பணிந்து போகும் இயல்பினர் அல்லர். புதிய இராகங்களைப் படைத்ததாகக் கூறியோருடனும், சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் உருப்படிகள் பற்றியும் அவர் தொடுத்த வழக்குரைகள் இசையுலகைக் கலக்கின. அவர் சொன்னவை அனைத்தும் சரியென்று நான் சொல்லமாட்டேன். எழுப்பிய முறையிலே கடுமை மிகுந்திருந்ததும் உண்டு. ஆயினும் நிறுவப்படாத ஒன்றை நம்ப மறுக்கும் அவ்வுள்ளம், ஐவர் கூற்றையும் ஐயுற்று நோக்கிய சிவானந்தத்தின் உள்ளமே என்பது எனக்குத் தெளிவு. துப்பறிவாளர் திரையை விட்டு வந்தபின்னரும் துப்பறிதலை விடவில்லை.

1990ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆந் திகதி, இசைப் பயணமாகச் சென்றிருந்த பிலாய் நகரிலே மாரடைப்பால் அவர் மறைந்தார். வயது 63. 'அந்த நாள்' திரைக்கு வந்து சரியாக 36 ஆண்டுகள் கழிந்த அதே நாள் அது.

அவர் ஆக்கிய இராஜன் என்னும் பாத்திரத்தை அவருடைய வாழ்க்கையோடு ஒப்பிட்டு நோக்குமாறு வாசகரை வேண்டுகின்றேன். திறமை மதிக்கப்படாதபோது இராஜன் மனங்கசந்து தன் கல்வியைப் பகைவருக்கு விற்றான். பாலச்சந்தரின் நாடகத்தை வானொலி மறுத்தது. அவர் படத்தை மக்கள் மறுத்தனர். அவர் தம் கலையை மக்கள் கேட்ட விலைக்கு விற்கவுமில்லை. மக்களைப் பகைத்துக் கலையைக் கைவிடவுமில்லை. ஒரு கதவு அடைபட்டபோது தம்மிடமே இருந்த மற்றொன்றைத் திறந்துகொண்டார். அதனால் வீணை வளம்பெற்றது. தமிழ்த் திரைதான் ஏழையாயிற்று.

'அந்த நாள்' படத்தின் பிரதி அழிந்துபோகவில்லை. இன்று விரும்புவோர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பாட்டு எப்பொழுது வரும் என்று காத்திராமல், ஒரு வீணைக் கச்சேரிக்கு அமர்வதுபோல் அமைதியாக அமர்ந்து பார்த்தல் வேண்டும். ஐவர் கூற்றையும் கேட்டு முடித்தபின், உஷாவின் இடத்திலே நாம் இருந்தால் என் செய்திருப்போம் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1954ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளிலே இரசிகர் செலுத்தத் தவறிய கடன், அங்ஙனம் பார்க்கும் ஒவ்வொருவராலும் சிறிது சிறிதாகத் தீரும்.